வீட்டை விற்றுவிட்டு ஆர்வியில் குடியேறலாமா? எச்-1பி விசாவில் இருக்கும் வாசகிக்கு ஒரு குடியேற்ற வழக்கறிஞரின் பதில்

டெக்சாஸ் மாநிலம் டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 37. பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். எச்-1பி என்ற வேலை விசாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். 2020 முதல் முழுக்க வீட்டிலிருந்தேதான் வேலை. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனுவுக்கு அனுமதி வந்துவிட்டது, 2017-ஆம் ஆண்டு முன்னுரிமைத் தேதியோடு வரிசையில் நிற்கிறார். கணவர் எச்-4 என்ற சார்பு விசாவில் இருக்கிறார். ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வைத்துக்கொண்டு வீடியோ எடிட்டிங் செய்கிறார். ஏழு வயது மகள், அமெரிக்காவில் பிறந்தவள். ஃபிரிஸ்கோவில் சொந்த வீடு.

போன வருடம் ஊரில் அப்பா இறந்துவிட்டார். விசா முத்திரை காலாவதியாகி இருந்ததால், போனால் திரும்பி வர முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இவர் போகவில்லை. "ரிட்டயர் ஆனதும் காசிக்குப் போகணும், கன்னியாகுமரியிலேருந்து காஷ்மீர் வரைக்கும் ஒரு தடவை ரயிலில் போகணும்னு அப்பா சொல்லிட்டே இருந்தார் மேடம். எங்கேயும் போகலை. நானும் கிரீன் கார்டு வரட்டும், வரட்டும்னு எல்லாத்தையும் தள்ளிப் போட்டுட்டே இருக்கேன்" என்று எழுதியிருக்கிறார்.

அதனால் வீட்டை விற்றுவிட்டு, ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகளில், பிக்கப் டிரக்கின் முதுகில் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் ஒன்று வாங்கி, மூன்று பேரும் அதிலேயே வாழ்வது என்று முடிவு. வண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. குளிர்காலத்தில் டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவும் அரிசோனா பாலைவனமும், கோடையில் கொலராடோ, அடுத்த ஆண்டு கனடா வழியாக அலாஸ்கா. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வைத்துக்கொண்டு வேலை. தெற்கு டகோட்டாவில் ஒரு அஞ்சல் முகவரி. மேலாளர் வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார். விபிஎன் போட்டால் கணினி டாலஸில் இருப்பதாகவே காட்டும். செலவைக் குறைக்க முகாம்களில் பகுதிநேர வேலை செய்து இடத்தை இலவசமாகப் பெறுவார்கள். தமிழில் ஒரு யூடியூப் சேனலும் உண்டு. "லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், மகளின் படிப்பு. இந்த மூன்றைத் தவிர சட்டப்படி யோசிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவுக்கு என் அஞ்சலி. கடைசி முகத்தைப் போனில் பார்க்க நேர்ந்தவர்கள் இந்த நாட்டில் நம்மவர்களில் எத்தனையோ பேர். அந்த வலி என்ன என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆசையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன அந்த மூன்றும் சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்பதைப் பற்றிக் குடியேற்றச் சட்டத்துக்குப் பெரிய அக்கறை கிடையாது. மடிக்கணினியை எங்கே திறக்கிறீர்கள் என்பதில்தான் அக்கறை. இப்போது போட்டிருக்கும் திட்டத்தை அப்படியே செய்தால், கிளம்பிய சில வாரங்களிலேயே உங்கள் எச்-1பி நிலை பழுதாகிவிடும். வீட்டை விற்கும் வேலையைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எச்-1பி வேலைக்கு ஒரு முகவரி உண்டு

உங்களுக்காக நிறுவனம் முதலில் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்ற விண்ணப்பத்தைப் போட்டிருக்கும். எந்த வேலை, என்ன சம்பளம், எந்த ஊர் என்பது அதில் இருக்கும். அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்துக்குக் குறையாமல் தருவோம் என்று நிறுவனம் உறுதி சொல்வதால், ஊர்தான் அந்தக் காகிதத்தின் அச்சாணி. வீட்டிலிருந்து வேலை என்றால் உங்கள் வீடுதான் வேலையிடம். அந்த எல்சிஏ அறிவிப்பைப் பத்து நாள் உங்கள் வீட்டிலேயே ஒட்டி வைக்கச் சொல்லியிருப்பார்களே, நினைவிருக்கிறதா?

வழக்கமாக வேலைக்குப் போய்வரும் தொலைவைத் தாண்டி, வேறு பெருநகர் வட்டாரத்துக்கு வேலையிடம் மாறினால் புதிய எல்சிஏ வேண்டும். புதிய எல்சிஏ தேவைப்பட்டாலே திருத்த மனுவும் போட வேண்டும் என்று 2015 ஏப்ரலில் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 17 முதல் அது விதியாகவே எழுதப்பட்டுவிட்டது. வேலை நடக்கும் இடத்தை அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கலாம், அது வீடாக இருந்தாலும் பார்க்கலாம் என்பதும் அதே விதித்தொகுப்பில் இருக்கிறது. ஒரு நாள் உங்கள் ஃபிரிஸ்கோ வீட்டுக் கதவைத் தட்டி, வேறொரு குடும்பம் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

"எங்கிருந்தும் வேலை செய்யலாம்" என்ற நிறுவனக் கொள்கை அமெரிக்கக் குடிமக்களான உங்கள் சக ஊழியர்களுக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. இது அநியாயமாகத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. மேலாளர் நல்ல மனதோடுதான் சரி சொல்லியிருப்பார். அவருக்கு எல்சிஏ என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அனுமதி தர வேண்டியது மனிதவளப் பிரிவும் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரும்தான்.

சிலர் உங்களிடம் இரண்டு சலுகைகளைப் பற்றிச் சொல்லக்கூடும். ஒன்று, ஓரிடத்தில் நிலையாக இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் வேலைக்கு எல்சிஏ தேவையில்லை என்ற விதிவிலக்கு. அது வேலையின் தன்மையே பயணமாக இருப்பவர்களுக்கு, அதுவும் ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து வேலைநாள் வரைக்கும்தான். நிரல் எழுதும் வேலை ஊர் சுற்றச் சொல்லவில்லை; சுற்றுவது நம் விருப்பம். ஆகவே அந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.

இரண்டாவது, எல்சிஏவில் இல்லாத ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 30 வேலைநாள் வரை தற்காலிகமாக வேலை செய்யலாம் என்பது. நிலையான அலுவலகமும் வீடும் பழைய ஊரிலேயே இருந்தால் இது 60 வேலைநாள் வரை போகும். இது உண்மையான சலுகைதான். ஆனால் இது நிறுவனம் உங்களை அனுப்பி வைப்பதற்கான ஏற்பாடு. தங்கும் செலவு, பயணச் செலவு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே அவர்களுக்குத் தெரியாமல் நீங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. அரிசோனாவில் முப்பது, கொலராடோவில் முப்பது என்று சங்கிலி போட்டால்? சட்டத்தின் நோக்கத்தைத் தோற்கடிக்கும் விதமாகத் தொடர்ந்து சுழற்றக் கூடாது என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. வீட்டையும் விற்றுவிட்டால், திரும்பி வர ஒரு நிலையான இடம் இருந்தால்தானே 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குப் பொருள்?

அஞ்சல் முகவரியும் விபிஎன்னும்

தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா மூன்றும் முழுநேர ஆர்விவாசிகள் முகவரி வைத்துக்கொள்ளும் மாநிலங்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தெற்கு டகோட்டாவில் ஒரே ஓர் இரவு முகாமில் தங்கிய ரசீதைக் காட்டி, அஞ்சல் முகவரியில் லைசென்ஸ் வாங்குகிறார்கள். ஓய்வுபெற்ற அமெரிக்கத் தம்பதிகளுக்கு அது நல்ல ஏற்பாடு. நீங்கள் அதைச் செய்தால், உங்கள் எல்சிஏ டெக்சாஸ் என்கிறது, நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி தெற்கு டகோட்டா என்கிறது, உடம்பு அரிசோனாவில் இருக்கிறது. மூன்று காகிதம் மூன்று கதை சொன்னால் அதிகாரி எதை நம்புவார்? ஏற்கெனவே டெக்சாஸில் இருக்கிறீர்கள். அங்கேயும் வருமான வரி கிடையாது. மாறுவதால் உங்களுக்கு லாபம் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, குடியிருப்பு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கும் கணவருக்கும் தனித்தனியாக. மகள் குடிமகள் என்பதால் அவளுக்குத் தேவையில்லை. அஞ்சல் பெட்டியைக் குடியிருப்பு முகவரியாகத் தர முடியாது. சட்டத்தில் முப்பது நாள் சிறை வரை இடமுண்டு. சுற்றுலா போனால் ஏஆர்-11 தேவையில்லை. ஆனால் வேறு வீடே இல்லாதவருக்கு ஒவ்வொரு முகாமும் வீடாகிவிடும். அரசு நிலத்தில் பெரும்பாலும் பதினான்கு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்க விடமாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விபிஎன் பற்றி நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும்தான் பயம் வந்தது. தெரியாமல் செய்த பிழையைச் சரிசெய்ய எங்களுக்கு வழிகள் உண்டு. மறைக்க ஏற்பாடு செய்த பிழைக்கு வழிகள் சுருங்கிவிடும், வேலையும் போகும். தயவுசெய்து அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று உங்களுக்கு யாராவது சொன்னால், இதை அவரிடம் சொல்லுங்கள். இன்று யாரும் பார்க்காமல் போகலாம். ஆனால் ஒருநாள் உங்கள் தேதி வந்து ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போடும்போது, கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து எங்கே இருந்தீர்கள், எங்கே வேலை செய்தீர்கள் என்பதெல்லாம் கேள்வியாகும். வேலைவழிக் கிரீன் கார்டில் மொத்தம் 180 நாள் வரையிலான மீறலைச் சட்டம் மன்னிக்கிறது. முழுநேர ஆர்வி வாழ்க்கையில் அந்த 180 நாள் முதல் வருடத்திலேயே தீர்ந்துவிடும். 2017-லிருந்து நின்ற வரிசையை, முன்வாசல் தெரியும் நேரத்தில் இழந்துவிடக் கூடாது.

முகாம் வேலையும் யூடியூப் சேனலும்

முகாமில் வாரம் சில மணி நேரம் வேலை செய்து, இடத்தையும் மின்சாரத்தையும் இலவசமாகப் பெறுவதை "காசு வாங்கவில்லையே, அது வேலை ஆகாதே" என்று நினைத்திருக்கிறீர்கள். ஆகும். உழைப்புக்குப் பதிலாகக் கிடைப்பது பணமோ இடமோ, சட்டத்தின் பார்வையில் ஊதியம்தான். எச்-1பியில் இருப்பவர் மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். நீங்கள் ஒரு நாள்கூட இதைச் செய்யக் கூடாது. கணவர் செய்யலாம். ஈஏடி உள்ளவரை அவருக்கு நிறுவனமும் தடையில்லை, ஊரும் தடையில்லை.

சேனலுக்கும் இதே கணக்குத்தான். விளம்பர வருமானம் வருகிற சேனலை நீங்கள் நடத்தினால் அது அனுமதியில்லாத வேலை. கணவர் பெயரில், அவர் கணக்கில், அவர் உழைப்பில் நடக்கட்டும். நீங்கள் எப்போதாவது பின்னணியில் தோசை சுடுவது குற்றமாகாது. தொகுத்து வழங்குவது, எழுதுவது, நிறுவனங்களோடு பேசுவது உங்கள் பக்கம் வரவே கூடாது. அவருடைய எச்-4 உங்கள் எச்-1பியின் மேல்தான் நிற்கிறது என்பதையும் மறக்காதீர்கள். உங்களுடையது சாய்ந்தால் அவருடையதும் சாயும். வேலை போய்விட்டால் உங்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். நாட்டில் தங்கும் காலத்தைக் குறிக்கும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அந்த நேரத்தில் ஒரு நிலையான முகவரி இருப்பவருக்கும், கடனில் வாங்கிய வண்டியோடு பாலைவனத்தில் இருப்பவருக்கும் நிலைமை ஒன்றாக இருக்காது.

அப்படியானால் என்னதான் செய்யலாம்?

நிறையச் செய்யலாம். கனவை மொத்தமாக மூட்டை கட்டச் சொல்ல நான் இதை எழுதவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி, ஆர்வியில் வாழுங்கள், ஆனால் டாலஸை விட்டுப் போகாதீர்கள் என்பது. டாலஸ்-ஃபோர்ட் வொர்த் பெருநகர் வட்டாரம் பதினொரு கவுண்டிகள் கொண்டது. அதற்குள் லூயிஸ்வில் ஏரிப் பக்கமோ வேறெங்கோ மாத வாடகை ஆர்வி பார்க் ஒன்றில் குடியேறினால், அதே எல்சிஏ போதும்; திருத்த மனு வேண்டாம். ஏஆர்-11 போட்டு, மனிதவளப் பிரிவுக்குச் சொல்லி, எல்சிஏ அறிவிப்பைப் புது இடத்தில் ஒட்டினால் முடிந்தது. டெக்ஸோமா ஏரி அழகாக இருக்கிறது என்று அங்கே போய்விடாதீர்கள். ஒரு மணி நேர ஓட்டம்தான் என்றாலும் அந்த டெனிசன் பகுதி வேறு பெருநகர் வட்டாரம். போய்வரும் தொலைவுதான் என்று வாதாட வேண்டிவரும். வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். வெறுமனே வாடகை வாங்குவது எச்-1பிக்குக் குந்தகம் இல்லை. நாற்பது சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில், கழிவுத் தொட்டியைக் காலி செய்துகொண்டு, மகளின் பாடமும் உங்கள் அழைப்புகளும் ஒரே மேசையில் நடக்கும் வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதும் ஒரு கோடையில் தெரிந்துவிடும். டெக்சாஸ் ஜூலை வெயில் நல்ல பரீட்சை.

பயணத்துக்கு விடுமுறை நாட்களை முழுதாகப் பயன்படுத்துங்கள். சம்பளத்தோடு எடுக்கும் விடுப்பில் நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் எல்சிஏ குறுக்கே வராது, ஏனென்றால் அங்கே நீங்கள் வேலை செய்யவில்லை. ஆனால் "ஒரே ஒரு மீட்டிங்" என்று கணினியைத் திறந்தால் அந்த நாள் வேலைநாள். கோடை விடுமுறையில் கணவரும் மகளும் முன்னால் கிளம்பிப் போகட்டும். நீங்கள் விடுப்பில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

நிறுவனம் மனது வைத்தால் மூன்றாவது வழியும் உண்டு. ஓர் எல்சிஏ படிவத்தில் பத்து வேலையிடங்கள் வரை குறிப்பிடலாம். நாலைந்து மாதம் ஓரிடம் என்று ஆண்டுக்கு இரண்டே இடங்களைத் தேர்ந்தெடுத்து, உண்மையான முகவரிகளோடு திருத்த மனு போட்டால், மனு போய்ச் சேர்ந்ததுமே புதிய இடத்தில் வேலை தொடங்கலாம். முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். கொலராடோ போன்ற மாநிலத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அங்கே வருமான வரியும் கட்ட வேண்டிவரும். அதற்கு நிறுவனம் பதிவு செய்யவும் வேண்டும். பல நிறுவனங்கள் இதற்காகவே மறுக்கின்றன. கேட்பதில் தவறில்லை. மறுத்தால் மனம் உடையாதீர்கள்.

தேதி வந்து ஐ-485 போட்டு, அதன் மூலம் ஈஏடி வாங்கி அதில் வேலை செய்யத் தொடங்கும்போது எல்சிஏ கட்டு அவிழும். முழுநேர ஆர்வி வாழ்க்கைக்குச் சரியான காலம் அதுதான்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரக்கும் வண்டியும் சேர்ந்த எடைத்தகுதி 26,000 பவுண்டைத் தாண்டி, இழுக்கப்படும் வண்டி 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் டெக்சாஸில் சாதாரண லைசென்ஸ் போதாது. வணிகம் சாராத ஏ வகுப்பு வேண்டும். பெரிய ஃபிஃப்த் வீல்கள் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வரும், வண்டியில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டைப் பாருங்கள். இன்ஷூரன்ஸில் 'முழுநேர வசிப்பு' என்று கேட்டே வாங்குங்கள். சுற்றுலாவுக்கான பாலிசி, வீடாகப் பயன்படுத்தும்போது இழப்பீடு தராமல் போகலாம். மகளை வீட்டிலேயே படிக்க வைப்பது டெக்சாஸில் சட்டபூர்வம், 1994-இல் மாநில உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. ஆனால் அவளுக்கு நண்பர்களைப் பிரிவது என்னவாக இருக்கும் என்று அவளிடமே கேட்டீர்களா? கடிதத்தில் அவள் பேச்சு ஓர் இடத்திலும் இல்லை.

அலாஸ்கா பற்றியும் ஒரு வார்த்தை. விசா முத்திரை காலாவதியாகி இருந்தாலும், செல்லுபடியாகும் ஐ-94 கையில் இருந்து, கனடாவில் 30 நாளுக்கு மேல் தங்காமல், அங்கே விசாவுக்கு விண்ணப்பிக்காமல் திரும்பினால் தானாகப் புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளும் விதி இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். போகும்போது இரண்டு தடவை, வரும்போது இரண்டு தடவை எல்லை தாண்டுவீர்கள். அந்தப் பயணத்தை என்னைப் போன்ற ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முதல் பயணமாக, வாடகைக்கு ஓர் ஆர்வி எடுத்து, விடுப்புப் போட்டு, பிக் பெண்டுக்குப் போய் வாருங்கள். டாலஸிலிருந்து ஒரு முழு நாள் ஓட்டம். 2012 முதல் அது சர்வதேச இருள்வானப் பூங்கா. அந்த வானத்தை உங்கள் மகள் பார்க்க வேண்டும். திரும்பி வடக்கே வரும் சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, குடிமக்களா என்று கேட்பார்கள். பதினெட்டு வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் இருவரின் பாஸ்போர்ட், ஐ-94 அச்சு, ஐ-797 ஒப்புதல் அறிவிப்பு, மகளின் பாஸ்போர்ட் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இந்த வாரம் மூன்று வேலைகள். வீட்டுத் தரகரிடம் விற்பனையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மனிதவளப் பிரிவிடம் உங்கள் எல்சிஏ நகலைக் கேட்டு வாங்கி, அதில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். முன்பணம் கட்டியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க இடமிருக்கிறதா என்று படித்துச் சொல்கிறேன்.